கச்சான் ஓய்ந்த பிறகும் வியர்த்தால்

திருகோணமலையில் ஆனி, ஆடியில் வியர்த்துக் கொட்டினால் யாரும் காரணம் கேட்பதில்லை. கச்சான் அடிக்கிறது, அவ்வளவுதான். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்காற்றாக மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. காலையில் பிழிந்து போட்ட சேலை பத்து மணிக்கெல்லாம் மொறுமொறுவென்று கிடக்கும். உதடு வெடிக்கும். வீட்டில் எல்லாருக்கும் வியர்க்கும்போது ஒருவருடைய வியர்வை மட்டும் தனியாகத் தெரியாது. என் மச்சாளுக்கு வந்தது வேறு வியர்வை என்று எங்களுக்குப் பிடிபட அதனால்தான் மார்கழி வரை ஆனது.

மார்கழி இங்கே மழைக்காலம். இரவு இரண்டு மணி. பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். மச்சாள் மட்டும் எழும்பி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, வெறும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தும் மார்பும் சிவந்து, இரவுச்சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். "கச்சானும் இல்லை, ஒண்டும் இல்லை. எனக்கு மட்டும் உள்ளுக்கை அடுப்பெரியுது" என்றார். மூன்று நான்கு நிமிடத்தில் அடங்கிவிட்டது. அப்புறம் குளிர் பிடித்து, அதே போர்வையைத் தேடினார். அவருக்கு அப்போது வயது 49, மாதவிடாய் நிற்கப்போகும் பருவம்.

உடம்பின் சூட்டைக் கவனிக்கும் இடம் மூளையின் அடியில் இருக்கிறது. ஹைப்போதலமஸ் என்பார்கள், பரிவகக்கீழ் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருப்போம். உட்சூடு ஏறத்தாழ 0.4 பாகை செல்சியஸ் அங்கே இங்கே போனாலும் சாதாரணமாக அது கண்டுகொள்ளாது. சூலகத்தில் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனின் சுரப்பு தளம்பிக் குறையத் தொடங்கியதும் அங்குள்ள சில நரம்புக் கலங்கள் அடக்குவாரின்றித் துள்ளுகின்றன. அந்த 0.4 பாகைச் சலுகை கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. ஒரு சூடான தேநீர், உறைப்பான மீன் குழம்பு, பேருந்தில் நெரிசல், ஒரு சின்னக் கோபம், ஏதோ ஒன்று போதும்; உடம்பு தீப்பிடித்துவிட்டதாக நினைத்துத் தோலின் இரத்தக்குழாய்களை அகலத் திறந்து வியர்வையைக் கொட்டுகிறது. சூடு வெளியேறியதும் குளிர்கிறது. இதைத்தான் வெப்பப் பாய்ச்சல் என்கிறார்கள். இது வயதுபோவதால் வரும் பலவீனம் என்று நினைக்க ஒன்றுமில்லை. சூட்டைக் கணிக்கிற இடத்தில் கணக்குத் தப்புகிறது, அவ்வளவே. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் உடம்பு லேசாகும் என்று வருகிறவர்களில் இந்த வயதுப் பெண்கள் சிலர் பாதிக் குளியலில் எழும்பிப் படியில் உட்கார்ந்துவிடுவதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம்.

மாதவிடாய் நின்றுவிட்டது என்று எப்போது சொல்லலாம்? தொடர்ந்து 12 மாதம் இரத்தப்போக்கு இல்லாமல் இருந்தால்தான். அதுவும் பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்வது. பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் நிகழும். 40க்கு முன் நின்றால் அது வேறு கதை, மருத்துவர் கட்டாயம் பார்க்கவேண்டும். ஆனால் தொந்தரவு தரும் காலம் நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது: இரண்டு மாதம் வராது, பிறகு பதினைந்து நாளில் வரும், வந்தால் கொட்டும். வெப்பப் பாய்ச்சல் சராசரியாக ஏழு வருடத்துக்கு மேலும் நீடிக்கலாம் என்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு சொல்கிறது. "ஆறு மாதத்தில சரியாப் போயிடும்" என்று ஆறுதல் சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்னொன்று: மாதவிடாய் தவறித் தவறி வரும் அந்த வருடங்களிலும் கரு தங்கலாம். பேரப்பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு தன் வயிற்றைத் தடவிப் பார்த்தவர்களை நம் ஊரே அறியும்.

நம்மிடம் இதற்கு ஒரு நல்ல வீட்டுச்சொல்கூட இல்லை. துண்டுப்பிரசுரத்தில் "மாதவிடாய் நிறுத்தம்" என்று இருக்கும். வீட்டில் "நிண்டு போச்சு" என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. பிள்ளை பெரியபிள்ளை ஆனால் ஊருக்கே அழைப்பிதழ் போகிறது. உளுத்தங்களி கிண்டுகிறோம், நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுக்கிறோம், கத்தரிக்காய் எத்தனை நாளைக்கு என்றுகூடக் கணக்கு உண்டு. பிள்ளை பெற்றால் சரக்கு வறுத்து அரைக்க மாமி வந்துவிடுவார். மூன்றாவது திருப்பத்துக்கு மட்டும் அடுப்பில் எந்தச் சட்டியும் ஏறுவதில்லை. அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. காலியான இடத்தில் யாரும் கடை போடலாம். போட்டுமிருக்கிறார்கள்.

கடைகளுக்குள் நுழைவதற்கு முன், நம் ஊருக்கென்று உள்ள ஒரு சிக்கலைச் சொல்லவேண்டும். இன்று ஐம்பதைத் தாண்டும் திருகோணமலைப் பெண் 1985 முதல் 2009 வரையான காலத்தைத் தன் இளமையில் கடந்தவர். இடம்பெயர்ந்தவர், சிலர் இரண்டு மூன்று தடவை. 2004 மார்கழியில் கடலைப் பார்த்தவர். அவருக்கு நித்திரை வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் வீடும் சொல்லும், சில வேளை மருத்துவரும் சொல்வார்: "யோசனை." யோசனை இருக்கத்தான் செய்யும். அது உண்மை என்பதாலேயே அதன் பின்னால் எல்லாம் ஒளிந்துகொள்கிறது. தைரொயிட் மிகையாகச் சுரந்தாலும் படபடப்பும் வியர்வையும் வரும். சீனி வருத்தக்காரருக்குச் சீனி இறங்கினாலும் வியர்க்கும். காசநோயிலும் இரவில் உடுப்பு நனையும். நானே ஒரு தடவை எனக்கிருந்த படபடப்பைச் சொல்லப்போய், முழுதாகச் சொல்லி முடிக்கும் முன் "வயசு போகுதுதானே" என்ற பதிலோடு வெளியே வந்திருக்கிறேன். இரத்தம்கூட எடுக்கவில்லை. அப்படி வெளியே வரும் பெண் அடுத்து எங்கே போவார்? பக்கத்து வீட்டு அக்காவிடம்தான்.

சரி, அக்கா என்ன தருவார்?

முதலில் சமையலறைச் சாமான்கள். உளுந்து, எள், நல்லெண்ணெய். பெரியபிள்ளையானதற்குக் கொடுத்ததையே இதற்கும் கொடுக்கலாம் என்ற எண்ணம். எள்ளில் லிக்னான் என்ற சேர்மங்கள் உண்டு, ஈஸ்ட்ரஜனைப் போல மிக மெலிதாகச் செயற்படக்கூடியவை. வெப்பப் பாய்ச்சலைத் தணிக்கும் அளவுக்கா என்றால், அப்படி நிறுவப்படவில்லை. ஆனால் உளுந்தில் புரதம் இருக்கிறது, இந்த வயதில் தசை குறைகிறது, ஆகவே கஞ்சியைக் குடியுங்கள். மருந்தென்று நினைக்காமல் சாப்பாடென்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றமில்லை.

சோயாவின் கதை கொஞ்சம் நீளம். ஜப்பானியப் பெண்களுக்கு இந்த வெப்பப் பாய்ச்சல் குறைவு என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே கவனிக்கப்பட்டது. அவர்கள் தோஃபுவும் மிசோவும் சாப்பிடுகிறவர்கள். சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன் ஈஸ்ட்ரஜன் ஏற்பிகளில் போய் ஒட்டக்கூடியது. இரண்டையும் முடிச்சுப்போட்டு உலகம் முழுக்க மாத்திரை வந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2013 மீளாய்வு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது உறுதியான பலன் தெரியவில்லை. ஜெனிஸ்டீன் என்ற ஒரு கூறு நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்த சில ஆய்வுகளில் மட்டும் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்திருந்தது. குடலில் சில நுண்ணுயிர்கள் இருப்பவர்களுக்குத்தான் ஐசோஃபிளேவோன் ஈக்குவோல் என்ற பலமான பொருளாக மாறுகிறது. எல்லார் குடலிலும் அவை இல்லை. ஜப்பானியப் பெண் சின்ன வயது முதல் சாப்பிட்டு வந்ததை நாம் ஐம்பதில் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம் என்பதும் உண்டு. நம்முடைய சோயா மீட்டையோ கொதிநீரில் ஊறவைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிழிந்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கறிக்குப் போடுகிறோம். மணம் போவதற்காகச் செய்கிற வேலை. நல்லதிலும் கொஞ்சம் அந்தத் தண்ணீரோடு போகும். புரதம் மிஞ்சும், அது போதும்.

சாத்தாவாரி இலைக்கஞ்சி காலையில் தெருவோரம் கிடைக்கிறது. அதன் கிழங்கைச் சித்த மருத்துவம் தண்ணீர்விட்டான் என்று சொல்லிப் பெண்களின் உடல் தேற்றலுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவருகிறது. வெப்பப் பாய்ச்சலுக்கு என்று பார்த்தால் இருப்பவை சின்ன ஆய்வுகள். பலவற்றில் வேறு மூலிகையும் கலந்திருக்கும், எது வேலைசெய்தது என்று பிரிக்க முடியாது. கஞ்சியாகக் குடிப்பதில் பெரிய பாதகம் இல்லை. கற்றாழைக்குக் குமரி என்றே பெயர், உடல் சூட்டைத் தணிக்கும் என்பார்கள். உள்ளிருக்கும் நொங்குபோன்ற பகுதியை நன்றாகக் கழுவாமல் அந்த மஞ்சள் பாலோடு குடித்தால் வயிற்றால் போகும், அன்றைக்கு வெப்பப் பாய்ச்சலை நினைக்க நேரமிருக்காது.

வெந்தயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மச்சாளின் கதை அங்கேதான் சிக்கியது. இரவு ஊறவைத்து, காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு இரண்டு மேசைக்கரண்டி. வெந்தயத்தில் ஹோர்மோன் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இருப்பது டயோஸ்ஜெனின். ஒரு வகை மெக்சிக்கோ வள்ளிக்கிழங்கில் இருக்கும் இதே பொருளிலிருந்து 1940களில் ஆய்வுகூடத்தில் புரோஜெஸ்தரோன் செய்தார்கள். அந்த வேதிமாற்றம் மனித வயிற்றில் நடக்காது. ஆனால் வெந்தயம் வேறொன்றைச் செய்யும், இரத்தச் சீனியைக் குறைக்கும். மச்சாள் சீனிக்கு ஏற்கெனவே காலையில் குளிசை போடுகிறவர். வெந்தயம் ஒரு பக்கம், குளிசை ஒரு பக்கம், விரதம் என்றால் சாப்பாடும் இல்லை. பதினொரு மணிக்குக் கை நடுங்கி வியர்க்கும். அதையும் வெப்பப் பாய்ச்சல் என்று நினைத்து மறுநாள் இன்னொரு கரண்டி வெந்தயம் கூட்டினார்! மருந்தே வருத்தத்தின் வேஷம் போட்டால் இப்படித்தான்.

அமுக்கராவிலும் அதே பொறி இருக்கிறது. நித்திரைக்கும் மனப்பதற்றத்துக்கும் கொஞ்சம் உதவலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது தைரொயிட் சுரப்பைக் கூட்டக்கூடியது. தைரொயிட் குளிசை போடுகிற பெண் அமுக்கராப் பொடியும் எடுத்தால், எந்தப் படபடப்பையும் வியர்வையையும் தணிக்க எடுத்தாரோ அதையே அது உண்டாக்கலாம். ஈரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது; டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்துவிட்டது. தடை அதிகம் என்று சித்த மருத்துவர்கள் வாதிடுவார்கள், வாதத்தில் நியாயமும் உண்டு: முறையாகப் படித்தவர் ஆளைப் பார்த்து, அளவு பார்த்துக் கொடுப்பதும், நாம் இணையத்தில் பார்த்துவிட்டுக் கரண்டியால் அள்ளுவதும் ஒன்றில்லை.

அசோகாரிஷ்டப் போத்தல் பல வீடுகளில் இருக்கிறது. அதிக இரத்தப்போக்குக்கு என்று குடிப்பார்கள். அரிஷ்டம் என்றால் புளிக்கவைத்த மருந்து, தானாகவே அதில் அற்ககோல் உண்டாகும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் சிநேகிதிகள் இதைக் கேட்டதும் போத்தலைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அற்ககோல் வெப்பப் பாய்ச்சலைத் தூண்டும் என்பதும் சேர்த்துச் சொல்லவேண்டியது.

வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் மாத்திரைகள் தனி ரகம். பிளாக் கோஹோஷ் என்பது வட அமெரிக்க மூலிகை. 2012இல் கொக்ரேன் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பலன் உண்டென்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஈரல் எச்சரிக்கையும் உண்டு. ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய், வெறும் எண்ணெய் மாத்திரையைவிடக் கூடுதலாக எதுவும் செய்யவில்லை என்று 1994இலேயே தெரிந்துவிட்டது. காசு மகனுடையது என்பதால் யாரும் கேட்பதில்லை.

இப்படி ஒவ்வொன்றையும் தட்டிக்கழித்தால், "அப்ப எனக்குச் சுகமானது பொய்யா?" என்று அக்கா கேட்பார். பொய்யில்லை. இங்கேதான் இந்த விஷயத்தின் மிக வினோதமான எண் இருக்கிறது. ஹோர்மோன் குளிசையைச் சோதித்த ஆய்வுகளை 2004இல் தொகுத்தபோது, மருந்தே இல்லாத போலிக் குளிசை விழுங்கிய பெண்களுக்கும் வெப்பப் பாய்ச்சல் தொடங்கியபோது இருந்ததைவிட ஏறத்தாழ 58 சதவீதம் குறைந்திருந்தது. பாதிக்கு மேல்! உண்மையான குளிசை, போலிக் குளிசை விழுங்கியவர்களோடு ஒப்பிட்டாலும் 75 சதவீதம் குறைத்தது என்பது அதன் பலம். ஆனால் அந்த 58தான் நம் ஊர் அக்காக்களின் அனுபவம். மிக மோசமான மாதத்தில்தான் நாம் மருந்து தேடுவோம். மோசமான மாதத்துக்கு அடுத்தது பெரும்பாலும் கொஞ்சம் நல்ல மாதமாகத்தான் இருக்கும். வெப்பப் பாய்ச்சல் தானாகவும் வருடத்தோடு தணியும். ஒருவர் உட்கார்ந்து முழுதாகக் கேட்டு, ஒரு பொடியைக் கையில் தந்து, "இதைக் குடி, சரியாகும்" என்றால் பதற்றம் குறைகிறது. பதற்றம் குறைந்தால் வெப்பப் பாய்ச்சலின் உபத்திரவமும் குறைகிறது. மருத்துவர் தராத பத்து நிமிடத்தை அக்கா தருகிறார். பொடிக்குப் போகும் நல்ல பெயரில் பாதி அந்தப் பத்து நிமிடத்துக்குப் போகவேண்டியது.

ஆகவே வெப்பப் பாய்ச்சலுக்கும் நித்திரைக்கும் கஞ்சி, மூச்சுப்பயிற்சி, யோகாசனம் எதையும் பழிக்க எனக்கு மனமில்லை. மனத்தைப் பழக்கும் உரையாடல் சிகிச்சை வெப்பப் பாய்ச்சலின் தொல்லையைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. என் மனத்தாங்கல் வேறு இரண்டு இடத்தில்.

ஒன்று, பெயரில்லாத பொடி. சித்த மருத்துவத்தில் உலோகமும் பாதரசமும் சுத்திசெய்து சேர்க்கும் பற்பம், செந்தூரம் என்று ஒரு பெரிய பிரிவே உண்டு. 2004இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவதொன்று இருந்தது. லேபலோடு கடையில் விற்றதற்கே அந்த நிலை. செய்தித்தாள் துண்டில் மடித்து, "எல்லாப் பொம்பிளை வருத்தத்துக்கும்" என்று கை மாறும் தூளில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவரையும் யுனானி மருத்துவரையும் பதிவுசெய்யச் சொல்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் சித்த மருத்துவப் பட்டமே கொடுக்கிறது. படித்த பரியாரி பக்கத்தில் இருக்கும்போது மடித்த தாள் எதற்கு?

மற்றது, இரத்தம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு இரத்தம் பட்டால், அது ஒரு துளியாக இருந்தாலும், வெறும் மண்ணிறக் கறையாக இருந்தாலும், மருத்துவரிடம் போகவேண்டும். கஞ்சி இல்லை, அரிஷ்டம் இல்லை, பார்ப்போம் என்பதும் இல்லை. அப்படி வருகிறவர்களில் ஏறத்தாழ 100க்கு 9 பேருக்குக் கருப்பையின் உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கிறது. மற்ற 91 பேருக்கும் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான், பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் அடையாளமே இந்த இரத்தம்தான். அந்தக் கட்டத்திலேயே பிடித்தால் கருப்பையை எடுப்பதோடு பலருக்குக் கதை முடிந்துவிடும். இப்படிச் சத்தம்போட்டு முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் புற்றுநோய்கள் அதிகமில்லை. அதன் வாயைத்தான் நாம் அசோகாரிஷ்டத்தால் அடைக்கிறோம். "திரும்ப இளமை வந்திட்டுது" என்று சந்தோஷப்பட்ட ஒரு பெரியம்மா எங்கள் உறவில் இருந்தார். எட்டு மாதம் சந்தோஷப்பட்டார்.

நிற்பதற்கு முந்தைய வருடங்களிலும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு துணி நனைகிறது, கட்டிகட்டியாய்ப் போகிறது, இடையில் படுகிறது என்றால் காட்டவேண்டும். "நிக்கப்போற நேரம் அப்பிடித்தான் கொட்டும்" என்பது பாதி உண்மை; மீதிப் பாதியில் நார்த்திசுக் கட்டியும் இரத்தச்சோகையும் இருக்கின்றன.

ஹோர்மோன் சிகிச்சையைப் பற்றிச் சொல்லாமல் போனால் மாற்று மருந்து ஏன் இவ்வளவு பெருகியது என்பது விளங்காது. 2002 ஆடி மாதம் வரை மேற்கு நாடுகளில் ஈஸ்ட்ரஜன் குளிசை மிட்டாய்போல எழுதப்பட்டது. அந்த மாதம் அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்ட பெரிய ஆய்வு ஒன்றை இடையில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோய் வருடத்துக்கு 10,000 பேரில் 30இலிருந்து 38ஆகக் கூடியிருந்தது. கூடியது 8 பேர். தலைப்புச் செய்தியில் எட்டு பேர் என்று வரவில்லை, புற்றுநோய் என்று வந்தது. ஒரே இரவில் உலகம் குளிசையை எறிந்துவிட்டு மூலிகைப் பக்கம் திரும்பியது. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது மெல்லத்தான் கவனத்துக்கு வந்தது. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், 60 வயதுக்குள் இருப்பவருக்கு, தடை ஏதும் இல்லாவிட்டால், பெரும்பாலும் நன்மையே மிகை என்பதுதான் இன்று நிபுணர்களின் பொதுவான நிலை. மார்பகப் புற்றுநோய் வந்தவர், இரத்தக்கட்டி அல்லது பக்கவாதம் வந்தவர், ஈரல் நோய் உள்ளவர், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர் அதற்குள் வரமாட்டார்கள். கருப்பை இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரஜனைத் தனியே கொடுக்கவும் கூடாது.

ஒரு வேடிக்கை. அந்தப் பழைய குளிசையில் இருந்த ஈஸ்ட்ரஜன் கர்ப்பிணிக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்தது. இதைவிட "இயற்கை" எங்கே கிடைக்கும்? இன்று தோலில் ஒட்டும் பட்டை உண்டு, இரத்தம் உறையும் ஆபத்து அதில் குறைவு. 2023இல் அமெரிக்கா ஹோர்மோனே இல்லாத ஃபெசோலினெடன்ட் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. முன்னே சொன்ன அந்தத் துள்ளும் நரம்புக் கலங்களையே அது அடக்குகிறது. அதற்கும் ஈரல் எச்சரிக்கை உண்டு. பெண்கள் வாயே திறக்காத வறட்சிக்கும் உறவின்போது வரும் நோவுக்கும், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர் எரிவுக்கும், குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன் களிம்பு உண்டு. உள்ளே பூசுவது, இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. இதைக் கேட்க வெட்கப்பட்டுத் தேங்காயெண்ணெயோடு பத்து வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். வெப்பப் பாய்ச்சல் போய்விடும். இது தானாகப் போகாது.

எலும்பைப் பற்றிச் சுருக்கமாக. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து, ஏழு வருடத்தில் அதன் அடர்த்தி 20 சதவீதம் வரை குறையலாம். எந்த வலியும் இருக்காது, குளியலறையில் வழுக்கி விழும்வரை. கடற்கரை ஊர்க்காரருக்குக் கல்சியத்துக்குப் பஞ்சமில்லை: முள்ளோடு மெல்லும் நெத்தலி, சூடை, பிறகு சட்டித்தயிர். அதோடு எலும்பில் பாரம் ஏறும் நடை வேண்டும். கோட்டை வாசலில் தொடங்கி மான்களைத் தாண்டிக் கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கினால், நேர்த்தியும் ஆயிற்று, எலும்புக்கும் ஆயிற்று.

எங்கே போவது? 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. இலவசம். 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். பிரஷர், சீனி, மார்பகம் எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேட்டால் நாள் சொல்வார். பிள்ளைக்கு ஊசி போட்ட நாட்களில் அவரிடம் அடிக்கடி கதைத்தோம். கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதோடு அந்தத் தொடர்பை நாமே விட்டுவிட்டோம்.

மச்சாளை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் எடுப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். மேசையில் வரிசையாக வைத்தார்: சீனிக் குளிசை, பிரஷர் குளிசை, வெந்தய டப்பா, பாதி அரிஷ்டம், இத்தாலியிலிருந்து வந்த பிரிம்ரோஸ், கடைசியாக ரப்பர்பாண்ட் போட்ட ஒரு தாள் மடிப்பு. டொக்டர் மற்றதையெல்லாம் பார்த்துவிட்டு மடிப்பைத் தொட்டார். "இதென்ன அம்மா?" "தெரியாது." "ஆர் தந்தது?" "கோயிலடியில ஒரு அக்கா." "அவவுக்கு என்னவாம் வருத்தம்?" மச்சாள் யோசித்துவிட்டுச் சொன்னார், "முழங்கால் நோ." டொக்டர் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்துவிட்டேன். இரத்தச் சோதனைக்கு எழுதினார். தைரொயிட் சரியாக இருந்தது, சீனிதான் பதினொரு மணிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வெந்தயத்தைக் கறிக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். வியர்க்கும் நேரத்தையும் அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார்.

இப்போதும் அவர் இரவில் எழும்புகிறார். முன்னைப்போல நாலு ஐந்து தடவை இல்லை, ஒன்றோ இரண்டோ. வெந்தயம் விட்டதாலா, கொப்பி எழுதியதாலா, அந்தத் தேநீரை ஆறவைத்துக் குடிப்பதாலா, இல்லை ஒரு வருடம் கழிந்துவிட்டதாலா என்று கேட்டேன். "அதை உன்ரை கட்டுரையில நீயே எழுதன்" என்றார்.